குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் குடும்ப வன்முறை

பிரிந்து வாழும் தாய் தந்தையரில் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்கையில், வீட்டுக்குள் நடந்த அடிக்கும் மிரட்டலுக்கும் நீதிமன்றம் எவ்வளவு எடை தருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதற்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் குடியிருக்கும் ஒரு பெண், கணவனின் வன்முறைக்கு எதிராகக் குற்றவியல் நடுவரிடம் மனுப் போடலாம். குழந்தையை நிலையாகத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் குடும்ப நல நீதிமன்றத்துக்கோ, அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றத்துக்கோ போக வேண்டும். வழக்கறிஞர் பேச்சில் முன்னது ‘டி.வி. கேஸ்’ (குடும்ப வன்முறை வழக்கு), பின்னது ‘ஜி.டபிள்யூ.ஓ.பி.’ (காப்பாளர் மனு). ஒரே வீட்டின் கதை இரண்டு கட்டுகளாகி, இரண்டு வாய்தாக்களில் ஓடும். இந்த இரண்டு கட்டுகளும் மெல்ல மெல்ல ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கியதுதான் இத்துறையின் வரலாறு.

1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் வன்முறை என்ற பேச்சே இல்லை. காப்பாளராக வர விரும்புபவரின் குணத்தையும் தகுதியையும் பார்க்கச் சொல்லும் 17ஆம் பிரிவு ஒன்றே நுழைவழி. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம் தந்தையை முதல் இயற்கைக் காப்பாளராக வைத்தது. 5 வயது நிரம்பாத குழந்தை ‘சாதாரணமாக’ தாயிடம் இருக்கும் என்றும், குழந்தையின் நலனே முதன்மையானது என்றும் சேர்த்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999இல்தான், தந்தை உயிரோடிருக்கும்போதும் தாய் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் பொருள் கொண்டது.

அதற்கு முன்பே ஒரு திருப்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. கணவரின் நடத்தையால் அவரோடு வாழ அஞ்சிய மனைவிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் நீதிமுறைப் பிரிவு வழங்கியது. பிள்ளைகள் யாரிடம் என்ற சண்டை மேல்முறையீடுகளில் இங்குமங்கும் புரண்டது. 1973இல், ரோசி ஜேக்கப் என்ற அந்த மனைவியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் மூத்த மகனைத் தந்தையிடம் விட்டு, மகளையும் இளைய மகனையும் தாயிடம் ஒப்படைத்தது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்ல என்ற கருத்து அங்கேதான் அழுத்தமாகப் பதிந்தது. இன்றும் தமிழ்நாட்டில் குழந்தைப் பொறுப்பு வழக்குகளில் இத்தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. சமரசத்துக்கு முயல்வது நீதிபதியின் கடமை என்கிறது 9ஆம் பிரிவு. நல்ல எண்ணந்தான். ஆனால் அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் சமரசத்தில் அவள் வாய் எவ்வளவு திறக்கும் என்பதை அந்தப் பிரிவு கேட்கவில்லை. நியூசிலாந்து இதை வேறு வழியில் அணுகியது: தந்தை ஒருவர் தன் மூன்று மகள்களைக் கொன்ற துயரத்துக்குப் பின், வன்முறை நிகழ்த்தியவரிடம் குழந்தையைத் தரக்கூடாது என்பதையே தொடக்க விதியாக 1995இல் சட்டமாக்கியது. இந்தியச் சட்டத்தில் அப்படிப்பட்ட முன்னனுமானம் இன்றுவரை இல்லை.

26 அக்டோபர் 2006 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2005) இரு நீதிமன்றங்களுக்கும் இடையே இருந்த சுவரில் இரண்டு கதவுகள் வைத்தது. 21ஆம் பிரிவின்படி நடுவரே குழந்தையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்கலாம். தந்தையின் சந்திப்பு குழந்தைக்குக் கேடு தரும் என்று கருதினால் அதை மறுக்கவும் வேண்டும். 26ஆம் பிரிவின்படி இதே நிவாரணங்களைக் குடும்ப நீதிமன்றத்திலும் கேட்கலாம். 2008இல் இன்னொரு படி: வரதட்சணைக் கொடுமையில் மனைவி இறந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட தந்தை மகனைக் கேட்டபோது, அந்தக் குற்ற வழக்கைக் கீழ் நீதிமன்றங்கள் கருத்தில் கொள்ளாதது தவறு என்று உச்ச நீதிமன்றம் கூறி, சிறுவனைத் தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டது (நீல் ரத்தன் குண்டு வழக்கு).

சட்டம் கதவு திறந்தாலும் உள்ளே போகக் காகிதம் வேண்டும். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலான ‘ஏ.ஆர். காப்பி’, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலரின் குடும்பச் சம்பவ அறிக்கை ஆகியவைதான் பேசும். தமிழ்நாட்டில் 18–49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாக 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு பதிவு செய்தது. விழுந்துவிட்டேன் என்று மருத்துவரிடம் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு போனவளுக்குப் பின்னாளில் ஏ.ஆர். காப்பியும் அவள் வாயால் சொன்ன பொய்யையே காட்டும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இங்கே குடியேறியவர்களில் பலர் வெளி மாவட்டத்தார். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் தாய், குழந்தையை ஊரில் அம்மாவிடம் விட்டிருப்பாள். வன்முறை மனுவை அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்திலேயே போடலாம். காப்பாளர் மனுவோ குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். இரவு ஷிஃப்ட் பார்க்கிறாள், பிள்ளையைப் பாட்டியிடம் தள்ளிவிட்டாள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். சம்பளச் சீட்டு அவளுக்கு ஆதாரம். ஷிஃப்ட் அட்டவணை அவளுக்கு எதிரான ஆதாரம்.

2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு உத்தரவுகள் கவனம் பெற்றன. ஒன்றில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, வீட்டில் அமைதி நிலவ ஒரே வழி கணவரை வெளியேற்றுவதுதான் என்றால், அவருக்கு வேறு இடம் இருக்கிறதா என்று பாராமல் அப்படியே உத்தரவிடலாம் என்றார். அதே வீட்டில் இருந்துகொண்டே தொந்தரவு செய்யாதே என்று கீழ் நீதிமன்றம் சொன்னது போதவில்லை. மற்றொன்றில் தனி நீதிபதி, குழந்தையைப் பார்க்க வரும் தந்தையை விருந்தினராக நடத்தித் தேநீர், சிற்றுண்டி கொடுக்கும்படி தாய்க்குச் சொன்னார். இரு நீதிபதிகள் அமர்வு பின்னர் அதை ரத்து செய்தது.