குண்டு வெடித்த மேக்கும் காணாமல் போன படமும்

மகளுக்கு டிசைன் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம் அடங்குவதற்குள் அடுத்த செலவு. "அப்பா, மேக்தான்பா வேணும். விண்டோஸ்னா பாதி வேலைல தொங்கிடும்" என்றாள். விலையைக் கேட்டதும் தொங்கியது நான்தான். (பேங்க் ஆபீசர் என்றால் கையில் பணம் புரளும் என்று ஊரில் இன்னும் நம்புகிறார்கள்!) கடன் கேட்டு வருகிறவரின் பழைய கணக்கைப் புரட்டுவதுதானே நம் பிழைப்பு? இந்த இரண்டு பேரின் கணக்கையும் அப்படியே புரட்டினேன்.

முதல் ஆச்சரியம், டிசைன் உலகம் மேக்கிடம் போய்ச் சேர்ந்த காலத்தில் அது அப்படியொன்றும் நம்பகமான பொட்டி இல்லை.

1984 ஜனவரியில் வந்த முதல் மெக்கின்டாஷின் மெமரி மொத்தமே 128 கேபி. அடுத்த வருஷம் ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டர், அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட், ஆல்டஸின் பேஜ்மேக்கர் மூன்றும் ஒன்றுசேர்ந்தன. திரையில் பார்த்த பக்கம் காகிதத்தில் அப்படியே விழுந்தது. டிடிபி என்ற தொழில் பிறந்தது அங்கேதான். 1987-ல் குவார்க் எக்ஸ்பிரஸ், 1990-ல் ஃபோட்டோஷாப், இரண்டும் முதலில் மேக்குக்குத்தான் வந்தன.

ஆனால் உள்ளே கட்டடம் ஓட்டை. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களுக்கு நடுவே சுவரே கிடையாது. ஒரு குடித்தனத்தில் தீப்பிடித்தால் மொத்தக் காம்பவுண்டும் போச்சு. ஒவ்வொன்றும் தானாக மனசு வைத்து அடுத்ததற்கு நேரம் விட்டுக் கொடுக்கணும். ஒன்று சண்டித்தனம் செய்தால் எல்லாம் நிற்கும். எந்த மென்பொருளுக்கு எவ்வளவு மெமரி என்பதைக்கூட நாமே எழுதி வைக்கணும். கவிழ்ந்தால் திரியோடு ஒரு குண்டுப் படம் வரும். வரைந்தவர் சூசன் கேர். இதை யாரும் பார்க்கப் போவதில்லை என்று சொல்லித்தான் அவரை வரையச் சொன்னார்களாம்!

எதிர்ப் பக்கம் விண்டோஸ் 95, 98 ஒன்றும் யோக்கியம் இல்லை. ஆனால் டேவ் கட்லர் தலைமையில் 1993-ல் வந்த விண்டோஸ் என்டி-யில் அந்தச் சுவர்கள் அஸ்திவாரத்திலிருந்தே இருந்தன. ஆப்பிளும் கோப்லண்ட் என்ற பெயரில் புதுசாகக் கட்டப் பார்த்து, முடியாமல் 1996-ல் கைவிட்டது. அந்த டிசம்பரிலேயே ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனியை 40 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்க ஒப்பந்தம் போட்டது. அதிலிருந்து பிறந்த மேக் ஓஎஸ் எக்ஸ் வர 2001 மார்ச் ஆனது.

அப்படியானால் எட்டு வருஷம் டிசைனர்கள் ஏன் கூட்டமாக என்டி-க்கு ஓடவில்லை? எனக்குத் தோன்றுவது இது. குண்டு வெடித்தால் போவது கடைசி அரை மணி நேர வேலை. எழுத்துரு மாறியோ நிறம் மாறியோ அச்சாகிவிட்டால் போவது காகிதம், மை, அதோடு பார்ட்டியும். வாங்கி வைத்த எழுத்துருக்கள், பழகின கலர், அச்சகத்தில் இருந்த பொட்டி எல்லாம் மேக். அவர்கள் நம்பியது அந்தச் சங்கிலியை.

சுவர் வைத்த புது மேக் வந்த பிறகும் பலர் நகரவில்லை. 2002-ல் ஜாப்ஸ் மேடையில் சவப்பெட்டி வைத்து பழைய ஓஎஸ் 9-க்குக் காரியமே செய்தார். ஆனால் ஓஎஸ் எக்ஸ்-ல் ஓடும் குவார்க் வந்தது 2003-ல்தான். அந்த இடைவெளியில் அடோபியின் இன்டிசைன் உள்ளே புகுந்துவிட்டது.

சரி, கவிழாத சிஸ்டம் இருந்தால் போதுமா? 1998-ல் பிக்சாரில் டாய் ஸ்டோரி 2 வேலை நடந்தது யூனிக்ஸ் குடும்பத்துக் கணினிகளில். உறுதிக்குப் பேர் போன குடும்பம். யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையை அது வெகு உறுதியாக நிறைவேற்றியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொம்மைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப் இருந்தது, ஆனால் சரியாக ஓடியிருக்கவில்லை, திரும்ப எடுத்துப் பார்க்கும் வரை அது யாருக்கும் தெரியாது. குழந்தை பிறந்து வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சுஸ்மன் என்ற அம்மணியின் பொட்டியில் ஒரு நகல் இருந்ததால் பிழைத்தார்கள். அதைப் போர்வை சுற்றிக் காரில் கொண்டு வந்தார்களாம். (பிறகு கதை பிடிக்காமல் முக்கால்வாசிப் படத்தை அவர்களே மாற்றினார்கள், அது தனிக் கூத்து.)

பி.காம் படிக்கும்போது சிவகாசியில் ஒரு டிடிபி கடையில் சாயங்காலம் டைப் அடித்தவன் நான். காலண்டர் சீசன். பன்னிரண்டு மாசத் தேதி, ராகு காலம், முகூர்த்த நாள் எல்லாம் அடித்து முடிக்கிற நேரத்தில் கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி செத்து எத்தனை நாளோ! விடிய விடிய மறுபடி அடித்தேன். இன்றைக்கும் விரல் தானாக கண்ட்ரோல் எஸ்-க்குப் போகும்.

2001-ல் எக்ஸ்பி வந்ததிலிருந்து சாதாரண விண்டோஸிலும் சுவர் உண்டு. ஆபத்து இப்போது அப்டேட் வழியாக வருகிறது. 2018 அக்டோபரில் விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று சிலருடைய ஃபைல்களை அழித்து, விநியோகமே நிறுத்தி வைக்கப்பட்டது. 2019-ல் மேக்கின் கேட்டலினா, பழைய 32-பிட் மென்பொருள் எதையும் ஓடவிடவில்லை.

காலேஜ் லேபில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று விசாரித்தேன். மேக். சரி, அதையே வாங்கு, ஆனால் செமஸ்டர் நடுவில் அப்டேட் கூடாது என்றேன். கூடவே இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று ஹாஸ்டலில், ஒன்று இங்கே வீட்டில். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஃபைலை அழித்துவிட்டுக் காப்பியிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னேன். "இது என்ன பேங்க் ஆடிட்டாப்பா?" என்று முறைத்துக்கொண்டே எடுத்தாள். திறந்தது.