மழை மாறியதா, மண் மாறியதா?

வானிலை மையம் 'மிகக் கனமழை' என்று சொல்லிவிட்டால் போதும், எங்கள் தெருவில் கார் வைத்திருப்பவர்கள் அதை மேம்பாலத்தில் நிறுத்தக் கிளம்பிவிடுவார்கள். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடியிருப்பது முடிச்சூர் பக்கம். மழைக்காலம் வந்தால் இங்கே எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அந்தக் காலத்துல இப்படியெல்லாம் மழை பெஞ்சதே இல்ல சார்." நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், பழைய மழைக் கணக்கைப் பார்க்கும் வரை.

1792-ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வுக்கூடம் கட்டியது. அங்கே 1813 முதலே மழையை அளந்து எழுதி வைத்திருக்கிறார்கள். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. ஆனால் 1827-ல் 88 அங்குலம், அதாவது 224 செ.மீ. கொட்டியிருக்கிறது. ஐந்தே வருஷம் கழித்து, 1832-ல், வெறும் 18 அங்குலம்தான். அதுதான் நந்தன வருஷப் பஞ்சம். குண்டூர்ச் சீமையில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

2015 நவம்பரில் சென்னையில் சுமார் 105 செ.மீ. பெய்தது. 1918 நவம்பரில் அதைவிடச் சற்று அதிகமாகவே, சுமார் 109 செ.மீ. பெய்திருக்கிறது. ஆக, கொட்டுவதும் காய்வதும் இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. இதைத் தெரிந்துதான் நம் முன்னோர் ஏரிக்குக் கீழே ஏரியாக வெட்டி வைத்தார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு, கடைசியில் ஆற்றுக்கு. வெள்ளத்தைப் பிடித்து வைத்துப் பஞ்சத்துக்குத் தருகிற ஏற்பாடு அது.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சோறு தின்றன, என் குடும்பமும் சேர்த்து. வயல்கள் கான்கிரீட் தளமாயின, சுற்றிலும் மனைகள் முளைத்தன. தண்ணீர் ஊறவும் ஓடவும் இருந்த இடம் குறைந்தது.

2003-ல் நானும் ஒரு மனை வாங்கினேன். பின்பக்கம் ஒரு வாய்க்கால் இருந்தது. "சும்மா கெடக்குது சார், தண்ணியே வராது" என்றார் தரகர். அந்த வருஷம் மே 31-ல் சென்னையில் 45 டிகிரி வெயில். தண்ணீர் வரும் என்று யாருக்குத் தோன்றும்? காம்பவுண்டு சுவர் எழுப்பும்போது ஆளுக்கு மூன்றடி வாய்க்காலைச் சேர்த்துக்கொண்டோம். நானும்தான்.

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. ராத்திரி தண்ணீர் பின்பக்கமாகத்தான், அந்த வாய்க்கால் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. விடியும்போது மாடிப்படியில் நாலு படி மூழ்கியிருந்தது. எல்லோரும் செம்பரம்பாக்கத்தைத் திட்டினார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்வது எங்களுக்குக் கீழே, திருநீர்மலை அருகில். எங்களுக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம், ஒரத்தூர் பக்கத்து ஏரிகளின் தண்ணீர்.

நாலே வருஷத்தில், 2019 கோடையில், செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. 1827-ம் 1832-ம் திரும்பி வந்தது போல இருந்தது எனக்கு.

2015 மழையை ஆராய்ந்த பன்னாட்டு விஞ்ஞானிகள், அந்த மழையில் புவி வெப்பமாவதன் தெளிவான தடயம் இல்லை என்றே சொன்னார்கள். அதற்காக நிம்மதியாக இருந்துவிட முடியாது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், கடலும் சூடாகிக்கொண்டிருக்கிறது. இனி வரும் மழை இன்னும் வேகமாகக் கொட்டலாம். அதை வாங்கிக்கொள்ளத்தான் மண் இல்லை. வானத்தை என்னால் திருத்த முடியாது. மூன்றடி நிலத்தைத் திருத்தலாம்.

போன வருஷம் பின்பக்கச் சுவரை இடித்து, மூன்றடி உள்ளே தள்ளிக் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.