துப்பாக்கியிலிருந்து நோட்டுக்கு: எங்க ஊர்ப் பறவைகளின் கதை

சங்ககிரின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? லாரி. மலைக்கோட்டை. 1805ல் அங்கே தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை. பறவைன்னு யாரும் சொல்லமாட்டீங்க. ஆனா பறவையியல் வரலாற்றுல எங்க சேலம் ஜில்லாவுக்கும் ஒரு பக்கம் இருக்குங்க. கொஞ்சம் ரத்தக்கறை படிஞ்ச பக்கம்.

1929-30ல் ஆர்தர் வெர்னே என்கிற பணக்காரர் செலவில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒரு பெரிய சர்வே நடத்தியது. சேர்வராயன் மலை, சித்தேரி மலை, அடிவாரத்துல இருக்கிற குரும்பப்பட்டி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. (இப்ப உயிரியல் பூங்கா இருக்கே, அதே குரும்பப்பட்டிதான்.) களத்தில் இறங்கிப் பறவைகளைச் சேகரிச்சவர் லா பெர்சோன்.

சேகரிப்புன்னா என்னன்னு நினைக்கிறீங்க? சுடறதுதான். சுட்டு, தோலை உரிச்சு, பஞ்சு அடைச்சு, கால்ல ஒரு சீட்டு கட்டிருவாங்க. சீட்டுல தேதி, இடம், ஆணா பெண்ணா. கையில இருக்கிற செத்த பறவைதான் அன்னிக்கு சாட்சி. தோல்களில் பல லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அறிக்கையை எழுதினவங்க விஸ்லரும் கின்னியரும். விஸ்லர் பஞ்சாபில் போலீஸ் அதிகாரியா இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்துப் பறவையைப் பத்தி இங்கிலாந்துல உக்காந்து எழுதினாங்க. அது கழகத்தோட சஞ்சிகையில் 1930களில் பகுதி பகுதியா வெளிவந்தது.

திட்டிட்டுப் போறது சுலபம். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தொண்ணூத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி சேர்வராயன்ல என்ன பறவை இருந்துச்சுன்னு கேட்டா, பதில் சொல்ல அந்தச் சீட்டுகள் இருக்கு. அவங்க தேடி வந்தது மலைகளை. சங்ககிரி, எடப்பாடி, திருச்செங்கோடுன்னு கீழே கெடக்கிற மேட்டாங்காட்டுக்கு அப்படி ஒரு கணக்கு வேணும்னா நாமதான் எழுதியிருக்கணும்.

எழுதாததால என்ன நஷ்டம்? செத்த மாட்டைக் காட்டுல போட்டா பிணந்தின்னிக் கழுகு எறங்கும்னு எங்க அப்பாரு சொல்லுவாரு. எத்தனை எறங்குச்சு? எந்த வருஷத்தோட நின்னுச்சு? எங்க ஊட்டுலயும் ஒரு வரி எழுதி வெக்கலை. மாட்டுக்குப் போடற டைக்ளோஃபினாக் மருந்துதான் கழுகுகளைக் கொல்லுதுன்னு 2004ல் கண்டுபிடிச்சாங்க. 2006ல் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியா தடை போட்டது. அதுக்குள்ள நாடு முழுக்க பெரும்பகுதி காலி. நோட்டுல ஏறாத பறவை காணாமப் போனா, போனதுகூடத் தெரியாது.

சரி, துப்பாக்கி எப்ப நோட்டா மாறிச்சு? அமெரிக்காவுல கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கோஷ்டி சேர்ந்து பறவை சுடற போட்டி நடக்குமாம். 1900ல் ஃபிராங்க் சாப்மன், "சுடாதீங்க, எண்ணுங்க"ன்னு மாத்தினார். முதல் வருஷம் வந்தவங்க 27 பேர். அந்தக் கணக்கெடுப்பு இன்னும் நடக்குது. நம்ம ஊர்ல 2015லிருந்து பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. விஷயம் ரொம்ப சிம்பிள். ஓர் இடத்துல பதினஞ்சு நிமிஷமாவது நின்னு, பாத்ததை எல்லாம் எண்ணி, இ-பேர்ட் தளத்துல ஏத்தணும். அவ்வளவுதான். கொல்லைப்புறமே போதும். சேலத்திலும் பறவையியல் கழகம் வெச்சு, பசங்களைக் கூட்டிட்டு ஏரி ஏரியாப் போறாங்க.

இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்னு நினைச்சுராதீங்க. 1790களிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவையைச் சுடறாங்கன்னு வேடந்தாங்கல் சனங்க கலெக்டர் கிட்டப் போய் முறையிட்டிருக்காங்க. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். எங்களுக்குப் பக்கத்துல, ஈரோட்டைத் தாண்டி வெள்ளோடு. 1996ல் சரணாலயம் ஆச்சு, 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்துச்சு. அதைச் சுத்தி இருக்கிற ஊர்க்காரங்க தீபாவளிக்கு வெடி வெடிக்கறதில்லை. குழந்தைக்கு இதைவிட என்ன பாடம் வேணும்?

பாடம்னு வந்ததால ஒரு விஷயம். பசங்களுக்குப் பறவைப் பேரை இங்கிலீஷ்லயே சொல்லித் தர்றோம். ஜெர்டன்னு ஒரு மெட்ராஸ் டாக்டர், 1862-64ல் எழுதின இந்தியப் பறவைகள் நூல்ல தமிழ்ப் பேர், தெலுங்குப் பேர் எல்லாம் கேட்டுச் சேர்த்து வெச்சார். நம்ம ஆளுங்க கிட்டதானே கேட்டிருப்பார்? ஆட்காட்டியைப் பாருங்க. வெள்ளைக்காரன் காதுக்கு அது "டிட் ஹி டூ இட்"னு கேள்வி கேக்குதாம். நம்மாளுக்கோ அது காட்டுக்குள்ள மனுஷன் நுழைஞ்சதை ஊருக்கே சொல்ற காவக்காரன். பேருக்குள்ளயே ஒரு பறவையோட குணம் இருக்கு. செம்போத்து, கரிச்சான், பனங்காடை, தவிட்டுக்குருவின்னு பசங்க வாயில வரட்டும். இங்கிலீஷ் பேரு தானா வந்துரும்.

பைனாகுலர் இல்லைன்னு சாக்கு சொல்லாதீங்க. வர்ற பொங்கலுக்குக் கரும்பு கடிச்ச கையோட, வீட்டுச் சின்னதுகளைக் கூட்டிட்டு ஊர் ஏரிக்கரைக்குப் போங்க. பதினஞ்சு நிமிஷம். காக்கா, மைனா, கொக்குதான் இருக்கா? அதையே எழுதுங்க. தேதி, இடம், எத்தனைன்னு. தொண்ணூறு வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் கேக்கறப்ப, உங்க ஊரு பேருல ஒரு சீட்டு இருக்கும். இந்தத் தடவை எந்தப் பறவையோட கால்லயும் கட்ட வேண்டியதில்லை.