நுழைவும் வெளியேற்றமும்: கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் தங்குதல் குறித்த சட்ட வரலாறு

முன்னுரை

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்துக் குடும்பம் ஒன்றிடம் மருத்துவர், ‘கீழ்ப்பாக்கத்தில் சில நாள் சேர்த்துப் பார்க்கலாம்’ என்று சொன்னால், நோயின் பெயரைவிட ஊரின் பெயரே அவர்களை முதலில் அச்சுறுத்தும். ஆவடியிலிருந்து அம்மருத்துவமனை இருபது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில்தான் உள்ளது. ஆயினும் திரைப்பட நகைச்சுவையும் தெருப்பேச்சும் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற சொல்லைப் பித்துக்கு மறுபெயராக்கிவிட்டன. சென்றால் திரும்ப முடியுமா, கட்டிவைப்பார்களா, மின்னதிர்ச்சி கொடுப்பார்களா என்னும் கேள்விகளை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு உண்டு. இவற்றுள் முதற்கேள்வியையே இக்கட்டுரை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. உள்ளே சென்றவர் வெளியே வருவதை யார் தீர்மானித்தார்கள்?

காப்பகமும் 1912ஆம் ஆண்டுச் சட்டமும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலன்டைன் கொனொலி 1794இல் சென்னையில் தம் பொறுப்பில் ஒரு சிறு காப்பகத்தைத் தொடங்கினார். பின்னர் 1871இல், கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் எனப்பட்ட இடத்தில் 145 நோயாளிகளுடன் அரசுக் காப்பகம் திறக்கப்பட்டது. அது 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை என்றும், 1978இல் மனநல நிறுவனம் என்றும் பெயர் மாறியது. பெயர் மாற்றங்களை மட்டும் வரிசைப்படுத்தினால் இது சீரான முன்னேற்றக் கதையாகத் தோன்றும். வெளியேற்ற விதிகள் அவ்வாறு நேர்க்கோட்டில் செல்லவில்லை.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டத்தின்படி, உறவினரின் மனுவும் இரு மருத்துவச் சான்றுகளும் நீதித்துறை நடுவரின் ஆணையும் ஒருவரைக் காப்பகத்துள் சேர்த்தன. தெருவில் அலைபவரைக் காவலரே நடுவர்முன் நிறுத்தலாம். விடுவிக்க, மருத்துவ அலுவலர் ஒருவர் உள்ளிட்ட மூன்று பார்வையாளர்களின் எழுத்துவழி ஆணை ஒரு வழி. ஆனால் அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் இருந்தது. தாமே விரும்பி வருபவர், பார்வையாளர் இருவரின் இசைவுடன் தங்கலாம்; வெளியேற விரும்புவதாக எழுதிக்கொடுத்தால் 24 மணி நேரத்துக்கு மேல் அவரைத் தடுத்துவைக்கக் கூடாது.

இதனை மாற்றி எழுதிய 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம், காலனியச் சொற்களைக் களைந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்தது. விருப்பத்தின்பேரில் சேர்ந்தவரைக் கோரிக்கை வந்த 24 மணி நேரத்துக்குள் அனுப்ப வேண்டும் என்றுதான் அதுவும் தொடங்குகிறது. எனினும், அவ்வாறு அனுப்புவது நோயாளிக்கு நன்மையன்று என இரு மருத்துவ அலுவலர் கொண்ட குழு கருதினால், ஒரு தடவைக்கு 90 நாள் வரை நிறுத்திவைக்கலாம். விரும்பி வந்தவரைப் பொறுத்தமட்டில், விடுதலை பெற்ற நாட்டின் சட்டம் காலனியச் சட்டத்தைவிட இறுக்கமானது. இம்முரண் ஆய்வாளர் கவனத்துக்குரியது.

விடுதியினுள்

சட்டம் மாறுவதற்கு முன்பே விடுதிக்குள் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1950களில் பரவிய குளோர்புரோமசின் போன்ற மருந்துகள் பலரைச் சில வாரங்களில் வீடு திரும்பத்தக்கவராக்கின. 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் சாரதா மேனன், தொழில்வழிச் சிகிச்சையையும் மறுவாழ்வுப் பணியையும் அங்கு வளர்த்தார். ஓய்வுக்குப்பின் 1984இல் ‘ஸ்கார்ஃப்’ ஆய்வு நிறுவனத்தை அவர் உருவாக்கியதும் அப்பணியின் தொடர்ச்சியே.

சங்கிலி பற்றிய அச்சத்துக்கு அண்மைக் காரணம் வேறிடத்தில் உள்ளது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப இயலாமல் 28 பேர் இறந்தனர். அதன்பின் ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டபோது, அங்கிருந்தோருள் பலர் கொண்டுவரப்பட்ட இடம், மக்கள் அஞ்சிய அதே கீழ்ப்பாக்கம்.

இன்றைய நிலை

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்கிறது. மின்னதிர்வுச் சிகிச்சையை மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றி அளிக்கக் கூடாது என்கிறது. சேர்ப்பவர் தலையைக் கட்டாயமாக மழிக்கக் கூடாது. சீருடையை வற்புறுத்தக் கூடாது. வேலை செய்தால் தக்க ஊதியம் தர வேண்டும். ஒரு சட்டம் தலைமயிரைக் குறித்துப் பேச வேண்டியிருந்தது என்பதிலிருந்தே பழைய வழக்கம் எத்தகையது என உய்த்துணரலாம்.

தாமே வந்து சேர்ந்தவர் கேட்டால் விடுவிக்கப்பட வேண்டும். ஆதரவுடன் சேர்க்கப்பட வேண்டிய நிலையில் அவர் உள்ளாரா என மதிப்பிட 24 மணி நேரம் மட்டுமே நிறுத்தலாம். 1912இன் அளவு இவ்வாறு திரும்பி வந்துள்ளது. தாமாக முடிவெடுக்க இயலாதவரை, அவருடைய நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில், இருவர் தனித்தனியே பரிசோதித்து முதலில் 30 நாள் வரை சேர்க்கலாம். அச்சேர்க்கையை மனநலச் சீராய்வு வாரியத்துக்கு ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெண்களாயின் மூன்று நாளுக்குள். எனவே முதல் நாளில் குடும்பம் எதிர்பார்க்க வேண்டியவை நோய் வரலாறு கேட்டல், உடற்பரிசோதனை, மனநிலை மதிப்பீடு, கூர்மையான பொருள்களை வாங்கி வைத்தல் ஆகியன. நோயாளி எவ்வகையில் சேர்க்கப்படுகிறார் என்பதை அப்போதே கேட்டறிதல் நன்று. அவர் எப்படி வெளியேறுவார் என்பது அதைச் சார்ந்தது.

வீட்டின் கதவு

குணமடைந்த பின்னும் சிலர் திரும்புவதில்லை. அழைத்துச்செல்ல எவரும் வராமையே பெரும்பாலும் காரணம். குடும்பம் இல்லை, ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் மருத்துவமனையைக் கட்டுப்படுத்தும் அப்பிரிவால் ஒரு வீட்டின் கதவைத் திறக்கவைக்க இயலாது.

ஆவடிச் சாலையிலிருந்து அதிகம் விலகாத முகப்பேரில், 1993இல் தொடங்கப்பட்ட ‘பான்யன்’ அமைப்பின் ‘அடைக்கலம்’ உள்ளது. வீடற்ற, மனநோயுற்ற பெண்களுக்காக உருவான அமைப்பு அது. நீண்டகாலம் தங்கிவிட்டவர்களுக்காக அது பின்னர் வேறொரு முறையை மேற்கொண்டது. நான்கைந்து பேர், ஒரு பணியாளரின் துணையுடன், சாதாரணத் தெருவில் வாடகை வீடெடுத்துச் சேர்ந்து வாழ்கின்றனர்; தாமே சமைக்கின்றனர், கடைக்குப் போகின்றனர், அண்டை வீட்டாருடன் பழகுகின்றனர்.