நிகண்டுக் கல்வியும் சொல்விளையாட்டும்

வழக்கில் அருகிய சொற்களைத் தேடிக் கற்றலும், கற்ற அச்சொற்களை ஒரு தொடருக்குள் நெருக்கி வைத்து விளையாடுதலும் தமிழ்ப் புலவரிடையே நெடுங்காலம் நிலவிய வழக்கங்களாகும். முன்னதற்குக் கருவியாக அமைந்தவை நிகண்டுகள். பின்னதற்குக் களமாக அமைந்தவை மடக்கு, திரிபு, சிலேடை முதலியன. இலக்கிய வரலாறு எழுதுவோர் பலர் இவ்விரண்டனையும் வெவ்வேறிடத்து வைத்தே பேசுவர். நிகண்டுகளை மொழிக்கு அரணென்று போற்றுவர். யமக அந்தாதிகளையோ புலமை வறண்ட காலத்தின் அடையாளமென்று இரண்டொரு வரிகளிற் கூறிக் கடந்து செல்வர். இவை ஒரே கல்வியின் இரு கூறுகள் என்பதும், அக்கல்வி தந்த பயிற்சி பழந்தமிழ்ச் சுவடிகளைப் படித்தற்குத் துணையாயிற்று என்பதும் நம் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டு முறையே காண்போம்.

1. இலக்கணம் வகுத்த வழி

அருஞ்சொற் கல்வியின் வித்தினைத் தொல்காப்பியத்திலேயே காண்கின்றோம். எல்லார்க்கும் விளங்கும் சொற்களை எடுத்தோத வேண்டுவதில்லை, விளங்காத உரிச்சொற்களையே எடுத்தோத வேண்டும் என்னும் கொள்கை உரியியலில் அமைந்துள்ளது. எச்சவியலில் திரிசொல்லை இருவகைப்படுத்துகின்றார் ஆசிரியர். பல சொற்கள் ஒரு பொருளை உணர்த்துதல் ஒருவகை. ஒரு சொல் பல பொருளை உணர்த்துதல் மற்றொருவகை.

பிற்கால நிகண்டுகளின் அமைப்பு முழுதும் இப்பாகுபாட்டின் மேல் எழுந்ததே. திவாகரர் இயற்றிய திவாகரம் 12 தொகுதிகளை உடையது. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் எனத் தொடங்கும் முதற் பத்துத் தொகுதிகளும் ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தொகுப்பன. 11ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுப்பது. இறுதித் தொகுதி ஐம்பூதம், மூவேந்தர் போன்ற தொகைப் பெயர்களைக் கூறும். பிங்கல முனிவரின் பிங்கலந்தை 10 வகைகளாக அமைந்தது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தியார், உரிச்சொற்களைத் தாம் விரித்தோதாது, மாணவரைப் பிங்கலம் முதலிய நூல்களிடம் ஆற்றுப்படுத்துகின்றார். இலக்கண நூலே சொற்கல்வியை நிகண்டிடம் ஒப்படைத்து விட்டமையை இஃது உணர்த்தும்.

2. நெஞ்சில் எழுதிய அகராதி

நிகண்டு தேடிப் பார்ப்பதற்கு எழுந்த நூலன்று. மனப்பாடம் செய்தற்கு எழுந்த நூல். அதன் யாப்பு வரலாறே இதற்குச் சான்று பகரும். திவாகரமும் பிங்கலந்தையும் நூற்பாவால் ஆயின. காங்கேயரின் உரிச்சொல் நிகண்டு வெண்பாவால் ஆயிற்று. கயாதரம் கட்டளைக் கலித்துறையைக் கைக்கொண்டது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விருத்தத்தால் நடந்தது. ஓசையின்பம் மிகுந்த யாப்பு வடிவங்களை நிகண்டாசிரியர் நாடியது, செவியின்வழிச் சொல்லை நெஞ்சில் ஊன்றுதற்பொருட்டேயாம்.

இவற்றுள் மாணவரிடையே பெரிதும் வழங்கியது சூடாமணியாகும். அதன் 11ஆம் தொகுதி தனிச்சிறப்புடையது. ஒருசொற் பல்பொருள் கூறும் அத்தொகுதி எதுகை முறையில் அடைவுபடுத்தப்பட்டுள்ளது. இரண்டாம் எழுத்து ஒத்த சொற்கள் அடுத்தடுத்து நிற்கும். இம்முறை பொருள் தேடுவார்க்கு ஓரளவே பயன்படும். பாட்டுக் கட்டுவார்க்கோ பெரும்பயன் விளைக்கும். எதுகைச் சொல் வேண்டியவர்க்கு அச்சொல்லும், அதன் பல பொருள்களும் ஒருங்கே நெஞ்சில் எழும். சொல்லைக் கற்கும்போதே அதனை ஆளும் இடத்தையும் கற்பிக்கும் நூல் இஃது என்னலாம். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையிற் சூடாமணி நிகண்டினை உரையுடன் அச்சிட்டமை, அச்சுக்காலம் பிறந்த பின்னரும் இந்நூலுக்கு இருந்த தேவையைப் புலப்படுத்தும்.

3. கற்றதை ஆளும் களம்

மனப்பாடம் செய்த சொல் ஆளப்படாதவழி மறக்கப்படும். நிகண்டிற் கற்ற அருஞ்சொற்களோ உரையாடலிலும் ஆவணத்திலும் வாரா. அவற்றை ஆளுதற்குப் புலவர் தாமே ஒரு களம் அமைத்துக்கொண்டனர்.

இதனை விளக்க நாமே ஒரு தொடர் அமைத்துக் காண்போம். அரி என்னும் சொல்லுக்குத் திருமால், சிங்கம், குரங்கு, வண்டு, பகை, நெற்கதிர் எனப் பல பொருள் உண்டு. ‘அரி வதியும் காவில் அரி முரல, அரியைத் தொழுது அரி அரிந்தார்’ என ஒருவர் கூறுவாராயின், கேட்பவர் குரங்கு வாழும் சோலையில் வண்டு ஒலிக்க, திருமாலை வணங்கி நெற்கதிர் அறுத்தனர் எனப் பொருள் காணவேண்டும். இஃது எளிய விளையாட்டே. ஆயினும் இதனைக் கேட்டுப் பொருள் கண்ட மாணவன் அரி என்னும் சொல்லின் நான்கு பொருளை மறவான். நிகண்டுச் செய்யுள் அடுக்கிக் காட்டிய பொருள்களுள் எப்பொருள் எவ்விடத்துப் பொருந்தும் என்று தேரும் ஆற்றலும் அவனுக்கு உண்டாகும்.

தண்டியலங்காரம் இவ்விளையாட்டுகளுக்கு இலக்கணம் வகுத்தது. அதன் சொல்லணியியலில் மடக்கும், மாலைமாற்று, கோமூத்திரி, சுழிகுளம், நாகபந்தம் முதலிய சித்திரகவிகளும் இடம்பெற்றன. இவை அணிநூலார் புதிதாகப் புனைந்தவை என்று கொள்ளுதல் பொருந்தாது. 7ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தரே மாலைமாற்றும், ஓரடியே நான்கு முறை மடங்கி வெவ்வேறு பொருள் தரும் ஏகபாதமும் பாடியுள்ளார். எனவே சொல்விளையாட்டைத் தளர்ச்சிக் காலத்தின் விளைவென்று கூறுவோர், பக்தி இலக்கியத்தின் எழுச்சிக் காலத்திலேயே அது காணப்படுதற்கு விடை கூறுதல் வேண்டும்.

15ஆம் நூற்றாண்டளவில் இக்கலை அவைக்களப் போட்டியாகவும் வளர்ந்தது. திருமலைராயன் அவையில் அதிமதுர கவியோடு காளமேகம் வாதிட்ட செய்தியும், அருணகிரிநாதரும் வில்லிபுத்தூராரும் எதிர்நின்ற செய்தியும் செவிவழியாக வந்தவை. தோற்ற புலவரின் காதினை அறுக்கும் வழக்கமுடைய வில்லிபுத்தூரார், கந்தரந்தாதியில் தகர வருக்கம் ஒன்றே பயின்ற 54ஆம் செய்யுளுக்குப் பொருள் கூறமாட்டாது நின்றார் என்றும், அருணகிரியார் அவரைத் தண்டியாது விடுத்து அவ்வழக்கத்தைக் கைவிடச் செய்தார் என்றும் கூறுவர். இதனை நடந்த வரலாறாகக் கொள்ளுதற்குச் சான்றில்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எவ்வகைக் கதைகளைப் பேணிக் காத்தது என்பதும் வரலாற்றுச் சான்றேயாம். ஒரு சொல்லின் பொருள் தெரியாமை புலவனுக்குக் காதினை இழத்தற்கு ஒத்த இழிவு என்னும் மதிப்பீடு இக்கதையில் உறைந்துள்ளது.

4. ஒரு சிறு சொல்லின் வாழ்வு

விளையாட்டால் ஒரு சொல் எவ்வாறு பிழைத்தது என்பதற்குத் ‘து’ என்பதனைக் காட்டலாம். ஓரெழுத்தொருமொழி 42 எனக் கணக்கிட்ட நன்னூலார் அவற்றுள் குறிலாக நொ, து என்னும் இரண்டனையே கொண்டார். ‘து’ என்பதற்கு உண் என்பது பொருள். பிற்கால வழக்கில் எவரும் ‘சோறு து’ என்று கூறியதில்லை. ஆயினும் தமிழ் இலக்கணம் கற்றோர் இச்சொல்லை அறிவர். பொதுமொழிக்கு எடுத்துக்காட்டாக ‘எட்டு’ என்பதனை உரையாசிரியர் காட்டினமை அதற்கொரு காரணமாகும். பிரியாது நின்றவழி எட்டு என்பது ஓர் எண். எள், து எனப் பிரிந்தவழி ‘எள்ளை உண்’ என்னும் ஏவல். அவ்வாறே வேங்கை என்பது மரத்தையும் புலியையும் குறிக்கும். வேம், கை எனப் பிரிந்து வேகின்ற கையையும் குறிக்கும். தாமரை என்பது தா, மரை எனப் பிரிந்து தாவுகின்ற மானைக் குறிக்கும்.

கேட்ட மாணவன் முறுவலிப்பான். முறுவலித்ததனாலேயே நினைவிற் கொள்வான். வழக்கு கைவிட்ட சொல்லை எடுத்துக்காட்டொன்று பல நூற்றாண்டுகள் தாங்கி வந்துள்ளது.

5. பிரித்துக் காணும் பயிற்சி

இவ்வெடுத்துக்காட்டுகள் மற்றோர் உண்மையையும் புலப்படுத்துகின்றன. சொல்விளையாட்டுக்குச் சொல்வளம் மட்டும் போதாது. எழுத்துத் தொடரைப் பல்வேறு வகையாகப் பிரித்துப் பார்க்கும் கூர்மையும் வேண்டும். சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை எனத் தண்டியலங்காரம் பகுத்தது இதுபற்றியே. யமகத்தில் ஒரே எழுத்துத் தொடர் நான்கடியிலும் வந்து நான்கு வகையாகப் பிரிந்து பொருள்படும். திரிபிலோ முதலெழுத்து ஒன்றே வேறுபட, ஏனைய எழுத்துகள் ஒத்து நிற்கும்.

இப்பயிற்சியை ஏட்டுச்சுவடியின் இயல்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். சுவடிகளிற் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவின. ரகரமும் காலும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. எனவே கொம்பு, பகரம், கால் போன்றதொரு கோடு ஆகிய மூன்றும் அடுத்து நின்றால் அதனைப் பொ, போ, பெர, பேர, பெர், பேர் என ஆறு வகையாகப் படிக்க இடமுண்டு. ஓரடியில் இத்தகைய இடங்கள் சில அமைந்தாலே பாட வேறுபாடுகள் பெருகிவிடும். அவற்றுள் பொருந்திய பாடத்தைத் தேர்பவனுக்கு, இவ்வெழுத்துகள் எவ்வெச்சொற்களாக அமையக்கூடும் என்று விரைந்து எண்ணிப் பார்க்கும் நெஞ்சு வேண்டும். யமகமும் பிரிமொழிச் சிலேடையும் பயிற்றியது இதனையே.

உ. வே. சாமிநாதையர் (1855–1942) வாழ்க்கையை இந்நோக்கில் மீண்டும் படித்தல் தகும். அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1815–1876) அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம் முதலிய நூல்களைப் பாடங் கேட்டார். பிள்ளையவர்களோ யமக அந்தாதிகளும் திரிபந்தாதிகளும் இயற்றியவர். 1880இல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயரவர்கள் தாம் கற்றனவாகக் கூறிய அந்தாதி முதலிய நூல்களின் பட்டியலைப் பொருட்படுத்தாது, சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவிய நிகழ்ச்சி ‘என் சரித்திரம்’ வாயிலாக யாவரும் அறிந்தது. தமிழுக்கு அவ்வினா விளைத்த நன்மை அளவிடற்கரியது. 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததும் அதன் பயனே.

ஆனால் இந்நிகழ்ச்சியிலிருந்து பின்வந்தோர் சிலர், ஐயரவர்கள் முன்னர்க் கற்றன யாவும் வீண் என்னும் முடிவுக்கு வந்தனர். அம்முடிவு பொருந்தாது. சிந்தாமணி ஏட்டைக் கையிலெடுத்தபோது அவரிடம் அச்சிட்ட சங்க நூற்றொகுதிகள் இல்லை, பேரகராதி இல்லை, சொல்லடைவு இல்லை. நச்சினார்க்கினியர் உரையின் துணையொடு, பல்லாண்டு பயின்ற சொல்லறிவும் பிரித்துணரும் பழக்கமும் அவரிடம் இருந்தன. பதிப்புப் பணியின் நெறிகளை அவர் புதிதாகக் கற்றார் என்பது உண்மை. கற்றற்குரிய அடித்தளம் அந்தாதிக் கல்வியால் அமைந்தது என்பதும் மறுத்தற்கரியது என்றே கருதுகின்றோம்.

6. அகரவரிசையின் வருகை

இக்கல்வி குன்றியதற்குரிய காரணங்களுள் அகராதியும் ஒன்று. 1594இல் இரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தந்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்னும் அதன் நான்கு பகுதிகளுள் தொடையகராதி எதுகைச் சொற்களுக்கு உரியது. பழைய நிகண்டின் நோக்கம் முற்றும் மறையாமையை அது காட்டும். ஏகார ஓகாரங்களை வேறுபடுத்தும் எழுத்துச் சீர்திருத்தமும் இம்முனிவருடையதாகவே கூறப்படும். சொல்லை நெஞ்சில் தாங்கும் சுமையையும் எழுத்தைப் பிரித்துணரும் சுமையையும் ஒருவரே குறைக்க முற்பட்டார் என்பது எண்ணத்தக்கது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஓரிலட்சத்திற்கு மேற்பட்ட சொற்களை எல்லார் கைக்கும் எட்டச் செய்தது. நினைவின் வேலையை நூல் ஏற்றது. இதனை இழப்பென்று மட்டும் கூறுதல் நன்றியின்மையாகும்.

மறுதலையாகக் கூறத்தக்கனவும் உண்டு. யமக அந்தாதிகளுட் பல, பொருட்சிறப்பின்றி எழுத்துக் கணக்கே நோக்கிச் செய்யப்பட்டவை. மேலும், இலக்கிய ஆட்சி காணப்படாத பொருள்களும் நிகண்டுகளில் உள்ளன. நிகண்டிற் கண்ட பொருளைப் புலவர் செய்யுளிற் பெய்தனர். செய்யுளிற் கண்டதனைப் பின்வந்தோர் வழக்கிற்குச் சான்றாகக் கொண்டனர். இவ்வாறு ஒரு சொற்பொருள் நிகண்டுக்கும் விளையாட்டுக்கும் இடையே மட்டும் சுழன்று வந்திருத்தல் கூடும். பேரகராதியில் திவா., பிங்., சூடா. என்னும் குறிப்புகளை மட்டுமே மேற்கோளாகப் பெற்ற பொருள்களைத் தொகுத்து, அவை சங்க நூல்களிலோ கல்வெட்டுகளிலோ வட்டார வழக்கிலோ உளவா என ஆராய்தல் இளம் ஆய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அவ்வாய்வே எவை மீட்கப்பட்ட பழஞ்சொற்கள், எவை விளையாட்டிற் பிறந்த சொற்கள் என்பதனைத் தெளிவிக்கும்.

எனினும் ஒன்று கூறலாம். பதிப்பிக்கப்படாத சுவடிகள் நூலகங்களில் இன்றும் உள்ளன. அகராதி எழுத்தறிந்த சொல்லுக்கே பொருள் கூறும். எழுத்தே ஐயத்துக்குரியதாக நிற்கும் ஏட்டின் முன் அது வாய்திறவாது. ஆண்டுப் படிப்பவன் நெஞ்சிலுள்ள சொற்களே துணையாகும். ஆதலின் சுவடியியல் பயிலும் மாணவர்க்குச் சூடாமணியின் 11ஆம் தொகுதியும், உரையொடு கூடிய யமக அந்தாதி ஒன்றும் பாடமாதல் வேண்டும். அவற்றைப் பாட்டின் சுவை கருதிப் போற்றினும் போற்றாதொழியினும், படிப்பவரின் கண்ணையும் நெஞ்சையும் கூர்மையாக்கும் கருவியாகக் கொள்ளுதற்குத் தடையொன்றும் இல்லை.