ஜவ்வாது மலையில் புதுமனை

நம் இல்லத் திருமணங்களில் மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசி ஜவ்வாது தடவும் வழக்கத்தை அறியாதார் இலர். புனுகுப் பூனையிடமிருந்து கிடைக்கும் நறுமணப் பொருளுக்கு அரபியில் ‘ஸபாத்’ என்று பெயர். அச்சொல்லே தமிழில் ‘ஜவ்வாது’ ஆயிற்று என்பது சொல்லாய்வாளர் கருத்து. மணவீட்டில் நாம் நுகரும் அப்பெயரையே ஒரு மலைத்தொடரும் தாங்கி நிற்கிறது. மலைக்கு அப்பெயர் வாய்த்த வழக்கிற்குள் நாம் புகவில்லை. அம்மலையில் வாழ்வோர் தம் புதுமணத் தம்பதியரை எவ்வாறு குடியமர்த்தினர் என்பதே நாம் காண விழைவது.

திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது ஜவ்வாது மலை. ஆலங்காயம், வாணியம்பாடி வட்டாரத்து மக்கள் நாள்தோறும் கண்ணெதிரே காணும் மலை அது. அங்கு வாழ்வோர் ‘மலையாளி’ எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்டு அவர்களைச் சேர நாட்டினர் என எண்ணிவிடலாகாது. மலையை ஆள்வோர் என்பதே அதன் பொருள். அவர்தம் தாய்மொழி தமிழ். தமிழகப் பழங்குடிகளுள் இவர்களே தொகையில் முதல்வர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநிலம் முழுவதிலும் 3,57,980 பேர்.

இவர்களின் தோற்றம் பற்றி ஒரு கதை உண்டு. பழைய வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் இடம்பெற்ற அதனை, எட்கர் தர்ஸ்டன் 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் காணலாம். கங்குந்தி நாட்டு வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனராம். வேளாளர் இகழ்ந்து மறுக்கவே, சினமுற்ற வேடர்கள் கன்னியர் எழுவரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க வேளாளர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் மாண்டதாகக் கருதி இறுதிச் சடங்குகளைச் செய்துவிடுமாறு மனைவியரிடம் கூறிச் சென்றனர். வழியில் பாலாறு பெருக்கெடுத்து ஓடிற்று. ஆடவர் எழுவரும் நீந்திக் கரையேறினர். நாய்களோ பாதி ஆற்றில் திரும்பிக் காஞ்சியை அடைந்தன. வேடரைக் கொன்று ஊர் மீண்டவர்கள் கண்டது என்ன? தம் இறுதிச் சடங்குகள் முடிந்துவிட்டன. மனைவியர் விதவைக் கோலம் பூண்டுவிட்டனர். உயிரோடு நிற்கும் கணவர்க்கு ஊரில் இடமில்லை! அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி, உழுது பயிரிட்டு வாழத் தொடங்கினர். அவர்தம் வழியினரே மலையாளிகள் என்று கதை முடிகிறது.

இதனை நடந்த வரலாறு என்று நாம் கொள்ளவில்லை. ஆயினும் ஒரு குலம் தன் தொடக்கத்தை எங்கே வைத்து நினைக்கிறது என்பதும் வரலாற்றுக்கு உரிய செய்தியே. இக்கதையில் அரசன் இல்லை. உறவினர் எவரும் வாழ்த்தாத புதுமணத் தம்பதியர் எழுவரே இருக்கின்றனர். அவ்வேடர் குலப் பெண்களின் பெயரைக் கதை சொல்லவில்லை. தம் குலத்தாரைக் கொன்றவர்களோடு முதல் அடுப்பை மூட்டிய நாளில் அவர்கள் மனம் என்ன பாடுபட்டதோ, அதையும் சொல்லவில்லை. காட்டையும் கிழங்கையும் தேனையும் அறிந்தவர்கள் அவர்களாகத்தானே இருந்திருக்க வேண்டும்? காஞ்சியிலிருந்து வந்தவர்க்கு மலையைக் கற்பித்தவர்கள் அம்மனைவியரே என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி, பரிசம். மலையாளிகளின் பழைய வழக்கில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டாரே தானியமும் பணமுமாகப் பெண் வீட்டார்க்குப் பரிசம் தருவர். இதனைப் ‘பெண்ணுக்கு விலை’ என்று சமவெளியார் சிலர் எள்ளி நகையாடியதுண்டு. களையெடுப்பு முதலிய வயல் வேலைகளில் பெரும்பங்கைச் சுமந்த ஒரு மகளை அனுப்பிவிடும் வீட்டின் இழப்பை ஈடுசெய்யும் வழக்கம் அது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பரிசமும் மஹ்ரும் ஒன்றெனச் சொல்லிவிடலாகாது. பரிசம் பெற்றோர்க்குச் செல்வது. மஹ்ர் மணமகளுக்கே உரியது. இஸ்லாத்திற்கு முந்திய அரபகத்தில் தந்தையர் மகளின் மஹ்ரில் தமக்கென ஒரு பகுதியை எடுத்துக்கொண்டதும் உண்டு. ‘ஹுல்வான்’ என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது. திருமறையின் அந்நிஸா அத்தியாயம் மஹ்ரைப் பெண்களிடமே மனமுவந்து கொடுக்கப் பணித்து அவ்வழக்கை முடித்தது. உழைப்பையே மணக்கொடையாக்கிய வரலாறும் நமக்குப் புதிதன்று. மத்யன் நகரப் பெரியவர் எட்டாண்டு ஊழியத்தை நிபந்தனையாக்கித் தம் மகளை மூஸா (அலை) அவர்களுக்கு மணமுடிக்க முன்வந்ததை அல்கஸஸ் அத்தியாயத்தில் ஓதுகிறோம். இவ்வாறு மாமனார் வீட்டில் உழைத்துப் பெண் கொள்ளும் மரபு இந்திய மலைக்குடிகள் பலவற்றிடமும் இருந்திருக்கிறது. மஹ்ரை ஏட்டில் சிறு தொகையாக எழுதிவிட்டு, கைக்கூலியைக் கட்டுக்கட்டாக எண்ணி வாங்கும் நம்மவர், 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்திற்கும் அஞ்சாதவர், மலைவாசியைப் பார்த்து நகைக்கும் தகுதியை எங்கே பெற்றார்?

மணம் முடிந்தபின் மலைப்பெண்ணின் நாள் உரலடியில் விடியும். சாமையே அம்மலையின் தலையாய தானியம். மழைக்காலத் தொடக்கத்தில் விதைத்து மூன்று திங்களளவில் அறுப்பர். அரிசியினும் சிறிய மணி அது. உமி இறுகப் பற்றியிருக்கும். குத்திப் புடைத்து, மீண்டும் குத்திப் புடைத்தால்தான் ஒரு வேளைச் சோறு. இயந்திரம் வருமுன் அவ்வுழைப்பு முழுவதும் பெண்டிர் தோளில் இருந்தது. திரிகை பிடித்துக் கைகள் புண்பட்டு, பணியாள் ஒருவரைக் கேட்கத் தந்தையிடம் சென்ற ஃபாத்திமா (ரலி) அவர்களை இங்கு நினையாதிருக்க முடியவில்லை. அவ்வுழைப்பிற்கிடையே சிறு மகிழ்ச்சிகளும் இருந்தன: புதுச்சாமைச் சோறு பொங்கும் நாள், பண்டிகைக்குத் தாய்வீடு செல்லும் நாள், தைப் பொங்கலை ஒட்டி எருது விடும் நாள், புளியும் தேனும் சுமந்து கணவனும் மனைவியுமாய் அடிவாரச் சந்தைக்கு இறங்கி வளையலோடு ஏறும் நாள். ஊர் கூடி உண்ணும் மணவிருந்தும் விளைந்ததைக் கொண்டு செய்வதே. கைபரிலிருந்து திரும்பும் வழியில் பெருமானார் (ஸல்) அவர்கள் அளித்த வலீமா விருந்தில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யுமே இருந்தன என்பதை நம் சமையற்காரர்களிடம் சொன்னால் நம்புவார்களோ, அறியோம்.

இம்மலையின் மற்றொரு செல்வம் சந்தனம். திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு அமைந்ததும் அது பற்றியே. நம் மணமேடைகளில் மணந்த சந்தனத்தில் இம்மலையின் மரமும் இருந்திருக்கும். நாளடைவில் மரம் அருகிற்று. மரம் வெட்டப் பழகிய கைகளுக்கு வேலை குறைந்தது. தரகர்கள் அவர்களை ஆந்திரத்துச் செம்மரக் காடுகளுக்கு அழைத்துச் சென்றனர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையினர் சுட்டதில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் மாண்டனர். ஜவ்வாது மலையினரும் அவர்களுள் இருந்தனர். பாலாற்றின் அக்கரையை நோக்கிக் காத்திருந்த காஞ்சி மனைவியரின் கதை இம்மலையில் வெறும் கதையாக இல்லாமற் போயிற்று. இக்காலப் பெண்களிடம் செய்தியைக் கொண்டுவந்தவை நாய்களல்ல, தொலைக்காட்சிகள்.

அதே மலையிலிருந்து 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் வேறொரு செய்தியும் வந்தது. புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் 23 வயது மலையாளிப் பெண், உரிமையியல் நீதிபதிக்கான தேர்வில் வெற்றி பெற்றார். மணமானபின் கற்பதை அவர் விட்டுவிடவில்லை. தேர்வு நாள் நெருங்கிய வேளையில் மகப்பேறும் வந்தது. குழந்தை பிறந்த இரண்டாம் நாள் மலையிலிருந்து சென்னைக்குப் பயணமாகித் தேர்வெழுதினார். தமிழக முதலமைச்சர் விடுத்த வாழ்த்தில் அப்பெண்ணோடு அவர்தம் தாயையும் கணவரையும் சேர்த்தே பாராட்டியிருந்தார்.