திணையும் காட்சிச்சாலையும்
ஊவாவின் விலங்குகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

மிருகக்காட்சிச்சாலை ஒன்றில் ‘ஆப்பிரிக்கப் பகுதி’ ஒன்றை அமைக்க முற்படுவோர் முதலில் எதிர்நோக்கும் வினா, எவ்வெவ் விலங்குகளை அங்கு வைப்பது என்பதாகும். மேற்பார்வைக்கு இது விலங்கியல் அறிஞர் தீர்க்கவேண்டிய வினாவாகவே தோன்றும். மரக்கிளையில் தழை கொய்து தின்னும் ஒட்டகச்சிவிங்கியும் நிலத்தில் புல் மேயும் வரிக்குதிரையும் உணவுக்காகப் போட்டியிடா; ஆதலின் அவற்றை ஒரே வெளியில் விடலாம். ஆனால் வரிக்குதிரையின் ஆண் மறிமானின் கன்றைத் தாக்கக்கூடும். ஆதலின் கன்றீனும் காலத்திற் பிரித்து வைக்கவேண்டும். சிங்கத்தைக் காண்போர் கண்ணுக்குப் புலப்படாத அகழியொன்றினாற் பிரித்தல் வேண்டும். தட்பவெப்பம், நோய்த்தடுப்பு, தீவனச் செலவு, இனப்பெருக்கம் ஆகியனவும் கணக்கிற் கொள்ளப்படும். அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1979ஆம் ஆண்டு இணைந்தபின், எங்கிருந்து பெறுவது என்னும் வினாவும் சட்டவினாவாயிற்று. இன்று இத்தகைய விலங்குகள் பெரும்பாலும் பிற காட்சிச்சாலைகளிற் பிறந்தவை, பண்டமாற்றாகப் பெறப்படுபவை.

எனினும், இவ்வினாக்கள் யாவும் எழுமுன்னரே வேறொரு தெரிவு நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. பரந்ததொரு கண்டத்தின் எண்ணிறந்த உயிரினங்களுள் சிங்கம், யானை, காண்டாமிருகம், வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி ஆகிய சிலவே ‘ஆப்பிரிக்கா’ என்னும் பெயருக்கு உரியனவாக எவ்வாறு நிலைபெற்றன? அக்கண்டத்தின் உழவரும் ஆயரும் சுரங்கத் தொழிலாளரும் அக்காட்சியில் இடம்பெறாதது ஏன்? இவ்வினாவை இலங்கையின் ஊவா மாகாணத்தில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. ஊவாவின் மொனராகலை மாவட்டத்தை அடுத்துள்ள அம்பாந்தோட்டை மாவட்டத்தில், ஏறத்தாழ 500 ஏக்கர் நிலப்பரப்பில், ரிதியகம சபாரிப் பூங்கா 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆப்பிரிக்கச் சிங்கங்களுக்கென அங்குத் தனிப் பகுதி உண்டு. அதனினும் முக்கியமான காரணம், அத்தெரிவின் வரலாற்றில் ஊவாவுக்கே ஒரு பங்கு உண்டு என்பதாகும். அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

நிலத்தை அதன் விலங்குகளால் அடையாளங்காணும் முறை தமிழிலக்கிய மாணவருக்குப் புதிதன்று. தொல்காப்பியம் கூறும் கருப்பொருட் கோட்பாடு அத்தகையதே. ஒவ்வொரு திணைக்கும் உரிய விலங்கு எது, பறவை எது, மரம் எது என உரையாசிரியர்கள் வகுத்துக் கூறுவர். குறிஞ்சிக்குப் புலியும் யானையும் கரடியும். முல்லைக்கு மானும் முயலும். மருதத்துக்கு எருமையும் நீர்நாயும். இவ்வளவில் நோக்கின், நவீன காட்சிச்சாலையின் ‘கண்டவாரி’ப் பகுப்பும் திணைப் பகுப்பும் ஒன்றுபோலவே தோன்றும்.

ஆயின் இரண்டு வேறுபாடுகள் இங்கு நோக்கற்பாலன. முதலாவது, கருப்பொருட் பட்டியலில் விலங்கோடு ‘செய்தி’ என்னும் தொழிலும் உடன்வைத்து எண்ணப்படுகிறது. குறிஞ்சியின் யானை, தேனழித்தும் கிழங்கு அகழ்ந்தும் தினை விளைத்தும் வாழும் மக்களின் யானை. இரண்டாவது, விலங்கும் சமூக நிலைமையினின்று பிரிக்கப்படாமலே கூறப்படுகிறது. நெய்தலுக்குரிய விலங்குகளுள் உப்பு வணிகரின் வண்டியிழுக்கும் உமண்பகடு இடம்பெறுகிறது. அது தானாகத் திரியும் விலங்கன்று, உழைக்கும் விலங்கு. பாலைக்கு உரிய யானையும் புலியும் வலியிழந்தனவாகச் சுட்டப்படுகின்றன. திணைக் கோட்பாட்டைப் பண்டைச் சமூகத்தின் சமனற்ற பொருளாதார வளர்ச்சியோடு இணைத்து விளக்கிய பேராசிரியர் கா. சிவத்தம்பியின் ஆய்வுகள் இவ்வகையில் நமக்கு வழிகாட்டுவன.

திணை மரபு ஓர் இலக்கிய மரபே. அதிலும் தெரிவு உண்டு, விலக்கு உண்டு, மேலோர் நோக்கும் உண்டு. எனினும் நிலம், விலங்கு, தொழில் என்னும் மூன்றையும் அது ஒருங்கே வைத்தது. காட்சிச்சாலை மூன்றாவதை நீக்கிவிட்டு முதலிரண்டை மட்டும் காட்டுகிறது. இந்நீக்கம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அடுத்து நோக்குவோம்.

3

நவீன ‘ஆப்பிரிக்கக் காட்சி’யின் தோற்றுவாய் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்து விலங்கு வணிகரான கார்ல் ஹகன்பெக் (1844–1913) என்பவரிடம் உள்ளது. அவர் 1907இல் ஸ்டெல்லிங்கனில் திறந்த பூங்காவில், முன்னே நீர்ப்பறவைகளின் குளம், அதன்பின் புல்மேயும் விலங்குகள், அதன்பின் சிங்கங்கள், எல்லாவற்றுக்கும் மேலே செயற்கைப் பாறைகளில் மலையாடுகள் என ஒரே பார்வையில் அடங்கும் ‘ஆப்பிரிக்கா’வை அமைத்தார். இடையே கம்பிகள் இல்லை. மறைந்த அகழிகளே இருந்தன. கொள்வோனும் விற்போனுமாகிய வணிகர் ஒருவர் தம் சரக்கைப் பரப்பிவைத்த முறையே பின்னர் ‘இயற்கையான’ காட்சிமுறை எனப் பெயர்பெற்றது.

அதே வணிகர் மனிதரையும் காட்சிக்கு வைத்தவர் என்பது மறக்கற்பாலதன்று. 1880களின் முற்பகுதியில் இலங்கையிலிருந்து மக்களையும் யானைகளையும் ஐரோப்பிய நகரங்களுக்கு அவர் கொண்டுசென்றார். 1884ஆம் ஆண்டுக் காட்சியில் 67 மனிதரும் 25 யானைகளும் இருந்தனர் என அவரது நினைவு நூல் கணக்குத் தருகிறது. மனிதரும் யானைகளும் ஒரே வரவுசெலவுக் குறிப்பில் வருவது கவனத்துக்குரியது. அக்காட்சியில் அம்மக்கள் செய்துகாட்டிய தொழிலும் தொழிலாக அன்றி வேடிக்கையாகவே விலைபோயிற்று.

அவருடைய மாற்றாந்தாய்ச் சகோதரரான ஜோன் ஹகன்பெக் இலங்கையில் நெடுங்காலம் தங்கித் தோட்டத்துறையிலும் விலங்கு வாணிகத்திலும் ஈடுபட்டவர். தெஹிவளையில் அவர் தொடங்கிய விலங்குச் சேகரிப்பு, அதனை நடத்திய நிறுவனம் 1936இல் கலைக்கப்பட்டபோது அரசின் கைக்கு வந்து, தேசிய மிருகக்காட்சிச்சாலையாயிற்று. ஏற்றுமதிக்காகக் காத்திருக்கும் விலங்குகளின் கிடங்காக இருந்ததொன்று மக்களுக்குக் கல்வியூட்டும் நிறுவனமாக மாறியமை ஒரு முன்னேற்றமே. அதன் பணிப்பாளராக விளங்கிய லின் டி அல்விஸ், 1973இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மிருகக்காட்சிச்சாலையின் அமைப்பிலும் ஆலோசகராகப் பங்குகொண்டவர். திறந்தவெளிக் காட்சிமுறை இலங்கையர் ஒருவர் மூலமாகவும் ஆசியாவிற் பரவியது. எனினும் எவ்விலங்கு ‘ஆப்பிரிக்கா’ என்னும் தெரிவு மட்டும் மாறவில்லை.

4

அத்தெரிவு ஹகன்பெக்கிலும் பழையது. அது வேட்டைக்காரரின் பட்டியல். சிங்கம், யானை, காண்டாமிருகம், எருமை, சிறுத்தை என்னும் ‘பெரும் ஐந்து’ என்ற வழக்கே, நடந்துசென்று வேட்டையாடுவதற்கு அரிய விலங்குகளை வேட்டைக்காரர் எண்ணிய எண்ணிக்கையிலிருந்து பிறந்தது. வேட்டைக்காரரிடமிருந்து உல்லாசப் பயணிக்கும், அவரிடமிருந்து காட்சிச்சாலைக்கும் அது வந்துசேர்ந்தது. ஆப்பிரிக்காவுக்கு முன்னர் அவ்வேட்டைப் பண்பாடு பயிலப்பட்ட களங்களுள் ஒன்று ஊவா.

ஊவாவில் விலங்கு என்பது குடியேற்ற ஆட்சியின் தொடக்கத்திலேயே அரசியற் பொருளாயிற்று. அம்பாந்தோட்டை உப்பளங்களிலிருந்து மலைநாட்டுக்கு உப்பு, தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள் வழியே வந்தது. உமண்பகட்டின் ஊவா வடிவம் இதுவெனலாம். 1817இல் பிரித்தானியர் வெல்லசப் பகுதியின் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கு ஹாஜி மரிக்கார் என்பவரைத் தலைவராக்கி, மில்லவ திசாவையின் அதிகாரத்தைக் குறைத்தமை, ஊவா–வெல்லச எழுச்சியின் உடனடிக் காரணங்களுள் ஒன்றாகும். பதுளையிலிருந்து சென்ற உதவி வதிவிடப் பிரதிநிதி சில்வெஸ்டர் வில்சன் அவ்வாண்டு செப்டெம்பரிற் கொல்லப்பட்டார். 1818இல் எழுச்சி ஒடுக்கப்பட்டபோது வயல்களும் மரங்களும் அழிக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன. உழைக்கும் விலங்கை அழிப்பது உழைக்கும் மக்களை ஒடுக்கும் வழியாயிற்று.

அதன்பின் வந்தது காட்டு விலங்கின் முறை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் உரிமையுறுதி காட்டமுடியாத காட்டு நிலங்களை முடிக்குரியனவாக்கிக் கோப்பிப் பயிர்ச்செய்கைக்கு வழிதிறந்தது. அக்காலத்தே பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த இலங்கை ரைபிள் படையின் மேஜர் தோமஸ் றொஜர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்பர். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளை புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டது. தனியொருவரின் வெறியாக மட்டும் இதனைக் கொள்ளலாகாது. யானையைக் கொன்றோர்க்கு அரசே வெகுமதி வழங்கிற்று. 1848க்கு முற்பட்ட மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளும், 1851–1856 காலத்தில் தென் மாகாணத்தில் 2000 யானைகளும் கொல்லப்பட்டதாக எமர்சன் டெனன்ற் எழுதுகிறார். பெருந்தோட்டத்துக்கும் வயலுக்கும் ‘தீங்கு’ எனவும், துரைக்கு ‘விளையாட்டு’ எனவும் யானை இருவகையாகப் பெயர்பெற்றது.

1846இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கர் இவ்வரலாற்றில் இன்னொரு படி. நுவரெலியாவிற் குடியேற முற்பட்ட அவர், இங்கிலாந்திலிருந்து டர்ஹாம் பசுவையும் செம்மறிக் கடாக்களையும் வேட்டைநாய்களையும் கப்பலேற்றி வருவித்தார். இங்கு எவ்விலங்கு வாழவேண்டும், எது சாகவேண்டும் எனத் தெரிவு செய்யும் உரிமை தமக்குண்டு என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. ‘பார்க்’ எனப் பிரித்தானியர் அழைத்த கீழ் ஊவாப் புல்வெளிகளில் அவர் யானை வேட்டையாடினார். 1855இல் இலங்கையை விட்டகன்றபின் ஆப்பிரிக்கா சென்று, 1864இல் அல்பேர்ட் ஏரியை அடைந்து புகழ்பெற்றார். ஊவாவிற் பழகிய துப்பாக்கியும் கண்ணோட்டமும் அவருடன் நைல் நதிக்குச் சென்றன.

அந்தப் ‘பார்க்’ எது? பிபிலை, நில்கலைப் பகுதிகளிற் பரந்துள்ள தலாவைப் புல்வெளிகளே அவை. கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மரங்கள் இடையிட்டு நிற்கும் அந்நிலம், காண்போர்க்கு ஆப்பிரிக்கப் புல்வெளியை நினைவூட்டும். யானையும் மரையும் புள்ளிமானும் சிறுத்தையும் கரடியும் அதற்குரியன. அது மனிதர் கைபடாத நிலமன்று. வேடர்களும் வேட்டைக்காரரும் மாடு மேய்ப்போரும் ஆண்டுதோறும் வைத்த தீயே அந்நிலம் அடர்காடாகாமற் காத்தது. மருந்துக்காய் பொறுக்கும் தொழிலும் அங்கு நெடுங்காலம் இருந்தது. ‘பார்க்’ என்ற பெயர் இவ்வுழைப்பை மறைத்து, அந்நிலத்தை ஆங்கிலக் கனவானின் மாளிகைத் தோட்டம் போலாக்கிற்று. 1894இல் தோன்றிய வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கமும், 1900இல் யாலவில் வேட்டைக்காரருக்கென ஒதுக்கப்பட்ட வனமும் இதே நோக்கின் தொடர்ச்சியாகும். கொல்லும் உரிமை பெற்றிருந்த வர்க்கமே காக்கும் உரிமையையும் எடுத்துக்கொண்டது; உணவுக்காக வேட்டையாடிய கிராமத்தவர் குற்றவாளியானார்.

5

காடழிந்த இடத்தில் கோப்பியும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலையும் நின்றன. அவற்றை நாட்டியவர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்களும் தெரிவு செய்யப்பட்டவர்களே. கங்காணி ஊரில் ஆள் சேர்த்தான். மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்கென வைத்துச் சோதித்தனர். தோட்டத்தின் குறியீடு பொறித்த தகர வில்லையை அணிவித்து அனுப்பினர். மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது எம் கருத்தன்று. மனிதர்க்கும் விலங்குக்கும் ஒரே நடைமுறையைக் கைக்கொண்டது மூலதனம் என்பதே சுட்டவேண்டியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியபோது, யாரை வைத்திருப்பது, யாரை அனுப்புவது என்னும் தெரிவு அரசுகளின் கைக்கு மாறியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அத்தெரிவை எண்களாகவே எழுதிற்று.

தோட்டத் தொழிலாளர் அறிந்த விலங்குலகம் வேறு. கொழுந்து பறிக்கும் பெண்ணின் காலில் ஏறும் அட்டை, தேயிலைச் செடிக்கிடையிற் கூடுகட்டித் திடீரெனக் கலைந்து கொட்டும் குளவி, காய்கறிப் பாத்தியைக் கிளறும் காட்டுப்பன்றி, லயத்து நாயைக் கவ்விச்செல்லும் சிறுத்தை, வருவாய்க்குத் துணையான கறவைப்பசு ஆகியனவே அவர்களின் கருப்பொருள். பன்றிக்கு வைத்த கண்ணியிற் சிறுத்தை மாட்டி இறக்கும்போது செய்தித்தாள்கள் அதனை வருந்தி எழுதுகின்றன. அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் குளவி கொட்டி இறக்கும் தொழிலாளியின் மரணம், அதே அளவு இடம்பெறுவது அரிது. அவ்விரண்டு மரணங்களுக்கும் பொதுவான காரணம், காட்டுக்கும் லயத்துக்கும் இடையே இடைவெளியின்றித் தேயிலை விரிந்தமையாகும்.

பதுளைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் கொழும்புச் சுற்றுலாவில் தெஹிவளைக்குச் சென்று ஒட்டகச்சிவிங்கியைக் கண்டு மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சியை மறுப்பதற்கில்லை, ஆப்பிரிக்க விலங்குகளை வைத்திருத்தலே தவறு என வாதிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் அப்பிள்ளை தன் மலையின் விலங்குகள் யாவை, அவை எங்கே போயின, அவை போன இடத்தில் தன் முன்னோர் எவ்வாறு கொண்டுவந்து நிறுத்தப்பட்டனர் என அறியும் வாய்ப்பு எந்தக் காட்சியிலும் இல்லை. ஆப்பிரிக்காவைத் தொழிலற்ற நிலமாகக் காணப் பயின்ற கண், ஊவாவையும் அவ்வாறே காணும். தேயிலைச் சரிவைப் பசுமையான காட்சியாகவும் கொழுந்தெடுப்பவளை அக்காட்சியின் ஓர் அணியாகவும் காட்டும் உல்லாசப் பயணப் படங்கள் இதற்குச் சான்றாகும்.

எனவே, காட்சிக்கு விலங்கு தெரிவு செய்வோர் விலங்கியலோடு வரலாற்றையும் கணக்கிற் கொள்ளவேண்டும். நிலத்தையும் விலங்கையும் சொல்லுமிடத்துச் ‘செய்தி’யையும் சொல்லவேண்டும் என்னும் பழைய வரையறை இவ்விடத்தில் இன்றும் பயன்தருவது. ஒட்டகச்சிவிங்கியின் வேலியருகே அது மேயும் நிலத்து ஆயரைப் பற்றியும், யானையின் வேலியருகே 1840களின் ஊவாவைப் பற்றியும் நான்கு வரிகள் எழுதிவைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஊவாவின் வாய்மொழி மரபிலும், தெளிவத்தை ஜோசப் முதலிய மலையக எழுத்தாளரின் படைப்புகளிலும் பதிவாகியுள்ள விலங்குகளைத் தொழிலோடு இணைத்துத் தொகுக்கும் பணி, இத்துறையில் இனிச் செய்யவேண்டிய முதற்பணியாகும்.